எங்கள் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுங்கள்: முதியோர் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு உரிமம் கொடுப்பவர்கள், அங்கே ஆய்வுக்குப் போகிறவர்கள், அவற்றுக்கு நட்சத்திரமோ மதிப்பெண்ணோ போடுகிறவர்கள் என்று எந்த நாட்டில் இந்த வேலையைச் செய்தாலும், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் அப்பா அப்படி ஓர் இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவருக்கு இடம் தேடியபோதும் அதன் பிறகும், பல நாடுகளின் கண்காணிப்புத் துறைகள் வெளியிடும் தகவல்களையும், அவற்றைப் பற்றி வந்த ஆய்வுகளையும் தேடித் தேடிப் படித்தேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான். நேரில் போனால் தெரிவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். நேரில் போனாலும் எங்களுக்குத் தெரியாததை நீங்கள் காட்டுங்கள்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நிதானமாக இல்லம் தேட வாய்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் "நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்" என்று சொன்ன பிறகுதான் தேடவே ஆரம்பிக்கிறார்கள். சில இடங்களுக்குப் போன் போட்டு, நேரம் கேட்டு, பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்ப்பார்கள். மேலாளர் கூடவே வந்து சுற்றிக் காட்டுவார். தரை சுத்தமாக இருக்கிறதா, மூத்திர வாடை அடிக்கிறதா, அழைப்பு மணி அடித்தால் யாராவது வருகிறார்களா, சாப்பாடு ஊட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா அல்லது நின்றபடியே வாயில் திணிக்கிறாரா என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்திலேயே பிடிபட்டுவிடும். கொஞ்சம் கவனமாகப் பார்க்கிற எவருக்கும் இதற்கு அரசின் உதவி தேவையில்லை.

தெரியாமல் போவது வேறு. இரவு இரண்டு மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் நேரில் இருப்பாரா, போனில்தான் கிடைப்பாரா? போன வருடம் இங்கே வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? இங்கே வந்து சேர்ந்த பிறகு எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது? கடைசியாக ஆய்வுக்கு வந்தவர் என்ன எழுதிவிட்டுப் போனார்? கேட்டால் மேலாளர் நல்ல பதில்தான் சொல்வார். அந்தப் பதில் உண்மையா என்று உள்ளே புகுந்து சரிபார்க்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது.

முதலில் ஆள் எண்ணிக்கை. பராமரிப்பின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது வழக்கமான நடைமுறை. ஒருவரைப் புரட்டி, நனைந்திருந்தால் துடைத்து, டயப்பர் மாற்றி, முதுகையும் குதிகாலையும் பார்த்துவிட்டு வரப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட இருபது பேர் ஓர் உதவியாளரின் பொறுப்பில் இருந்தால் ஒரு சுற்றுக்கே இருநூறு நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். இடையில் ஒருவர் வாந்தி எடுத்தால், ஒருவர் எழுந்து நடக்கப் பார்த்தால் அதுவும் போச்சு. தூக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்படும் நோயாளியை அவர் தனியாகத்தான் தூக்குவார். அவர் எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. அப்புறம் முதுகில் புண் வந்தால் அந்த உதவியாளரின் மேல் பழி விழும். ஷிப்டுக்கு ஒரே ஆளைப் போட்டவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த எண்ணிக்கையை எப்படித் திரட்டுவது என்பதற்கு அமெரிக்காவின் அனுபவத்தை நீங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். அங்கே 1998 முதலே இல்லங்களைப் பற்றிய விவரங்களை மத்திய அரசு பொதுமக்களுக்கு வெளியிட்டுவருகிறது. 2008 டிசம்பரில் ஐந்து நட்சத்திர முறையும் சேர்ந்தது. ஆனால் ஊழியர் எண்ணிக்கையைப் பல ஆண்டுகளாக இல்லங்களே எழுதிக் கொடுத்தன, அதுவும் ஆய்வையொட்டிய இரண்டு வாரத்துக்கான கணக்கு. 2016இல்தான் சம்பளப் பட்டியலை வைத்து ஒவ்வொரு நாளுக்குமான வேலை நேரத்தை அனுப்புவது கட்டாயமானது. 2018இல் அந்தக் கணக்கு வெளியே வந்ததும், பெரும்பாலான இல்லங்கள் முன்பு சொன்னதைவிடக் குறைந்த ஆட்களோடுதான் ஓடிக்கொண்டிருந்தன என்பது தெரிந்தது. வார இறுதியில் எண்ணிக்கை இன்னும் சரிந்தது. ஒரு காலாண்டில் ஏழு நாளோ அதற்கு மேலோ பதிவுபெற்ற நர்ஸே இல்லாத இல்லங்களும், நம்பத்தக்க கணக்குக் கொடுக்காத இல்லங்களும் ஊழியர் பிரிவில் ஒற்றை நட்சத்திரத்துக்கு இறக்கப்பட்டன. ஏறக்குறைய 1,400 இல்லங்கள்! அதற்கு முந்தைய வாரம்வரை அவற்றை நல்ல இடம் என்று நம்பிப் பெற்றோரைச் சேர்த்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கேள்வி மாறவில்லை, பதில் சொல்லும் இடம் மேலாளரின் மேசையிலிருந்து சம்பளப் பட்டியலுக்கு மாறியது, அவ்வளவுதான்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரப் பராமரிப்பு வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்க அரசுக்காக 2001இல் முடிந்த ஆய்வு 4.1 மணி நேரம் என்றது. 2024இல் அங்கே வந்த விதி 3.48 மணி நேரத்தோடு நின்றது. அதையும் 2025இல் நீதிமன்றம் ரத்து செய்தது, நாடாளுமன்றம் 2034 வரை தள்ளிவைத்தது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் முதல் சராசரியாக 215 நிமிடம், அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸின் நேரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் நான்கு மணி நேரத்தைச் சராசரி இலக்காக 2021இல் சட்டத்தில் எழுதியது. எது சரியான எண் என்று நிபுணர்கள் பேசி முடிக்கட்டும். குறைந்தபட்ச எண்ணைச் சட்டமாக்கத் துணியாத அரசால்கூட, இருக்கிற எண்ணை வெளியிட முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

வெளியிடும்போது சராசரியை மட்டும் தராதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை நிறைந்து வழிந்து, சனி ஞாயிறில் காலியாகக் கிடக்கும் இல்லத்தின் சராசரியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பகல், மாலை, இரவு என்று ஷிப்ட் வாரியாகவும், வார நாள், வார இறுதி என்று தனித்தனியாகவும் வேண்டும். நர்ஸ் வேறு, உதவியாளர் வேறு. அலுவலகத்தில் கணக்கு எழுதும் நர்ஸை நோயாளியைப் பார்க்கும் நர்ஸோடு சேர்த்து எண்ணக் கூடாது. அங்கே இருப்பவர்களின் நிலையையும் பக்கத்தில் போட வேண்டும். நடமாடும் முப்பது பேர் இருக்கும் இல்லமும் படுத்த படுக்கையாக முப்பது பேர் இருக்கும் இல்லமும் ஒரே எண்ணிக்கையைக் காட்டினால், இரண்டாவது இல்லம் பற்றாக்குறையில் இருக்கிறது என்றே பொருள்.

அப்புறம், யார் நிலைத்து நிற்கிறார்கள் என்பது. அப்பாவின் மேற்கையில் ஒருநாள் நீலமாகக் கன்றியிருந்தது. பதிவேட்டில் ஒரு வரி இல்லை. முந்தின இரவு இருந்தவர் ஏஜென்சி அனுப்பிய ஆள், அன்றைக்கு வேறொருவர், அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது. அப்பாவின் இடது கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது அங்கே பழகிய உதவியாளர்களுக்குத் தெரியும். நேற்று வந்தவருக்கு யார் சொல்வது? பேச்சு குழறும் ஒருவருக்கு வலி எங்கே என்பது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். அந்த முகம் பழகியிருக்க வேண்டும். அமெரிக்க இல்லங்களின் சம்பளப் பட்டியல்களை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, நர்ஸ்களும் உதவியாளர்களும் மாறும் வேகத்தின் ஆண்டுச் சராசரி 128 சதவீதம் என்று கணக்கிட்டது. சில இல்லங்களில் ஒரே இடத்துக்கு ஆண்டுக்குள் பலர் வந்து போயிருக்கிறார்கள். 2022 முதல் அங்கே ஒவ்வோர் இல்லத்துக்கும் இந்த எண் வெளியிடப்படுகிறது. வேறு சில இடங்களில் இதைக் கேட்டால் அது நிர்வாகத்தின் உள்விவகாரம் என்ற பதில் வருகிறது. என் அப்பாவின் உடம்பைத் தொடுகிற கை யாருடையது என்பது எப்படி உள்விவகாரம் ஆகும்?

அடுத்தது, இல்லங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுக்கும் தர அளவுகோல்கள். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் புண், எத்தனை பேருக்கு மனநல மருந்து என்ற விவரங்கள். இவை தேவைதான். ஆனால் எழுதுகிறவரே மதிப்பெண் வாங்குகிறவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. விழுந்து பலத்த அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் மருத்துவக் கட்டணப் பதிவுகளை, இல்லங்கள் அனுப்பிய விவரங்களோடு ஒப்பிட்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்படி விழுந்தவற்றில் சுமார் 58 சதவீதத்தை மட்டுமே இல்லங்கள் தெரிவித்திருந்தன. இடுப்பெலும்பு முறிந்தவர் ஆஸ்பத்திரிக் கணக்கில் இருக்கிறார், இல்லத்தின் கணக்கில் இல்லை. மனநோய் மருந்தின் கதையும் இப்படித்தான். ஞாபகமறதி நோய் உள்ளவர்களை மயக்கி அடக்கி வைக்க அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அளவுகோல் வைத்தார்கள்; மனச்சிதைவு உட்படச் சில நோய்கள் இருந்தால் கணக்கில் வராது என்று விலக்குக் கொடுத்தார்கள். முதுமை வரை மனச்சிதைவின் அறிகுறியே இல்லாத சிலருக்குத் திடீரென்று அந்தப் பெயர் எழுதப்பட்டது. 2023 ஜனவரியில் அமெரிக்க அரசு இதற்கென்றே தணிக்கையைத் தொடங்க வேண்டி வந்தது.

இதற்கு வழி, ஆஸ்பத்திரிப் பதிவோடு இல்லத்தின் பதிவை நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் உங்கள் அரசுக்குள்ளேயே இருக்கின்றன. ஒப்பிடாத எண்ணை வெளியிடுவதென்றால், "இது இல்லம் சொன்னது, நாங்கள் சரிபார்க்கவில்லை" என்று அதே எழுத்தளவில் பக்கத்திலேயே போடுங்கள்.

ஒட்டுமொத்தமாக ஒரே மதிப்பெண் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2009இல் பள்ளிக்கூடப் பாணியில் இல்லங்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். 1 என்றால் மிக நன்று, 5 என்றால் மோசம். கொஞ்ச நாளில் நாடு முழுவதற்குமான சராசரி 1.2, 1.3 என்று வந்து நின்றது. எல்லா இல்லமும் மிக நல்ல இல்லம்! சாப்பாட்டுப் பட்டியலைப் படிக்கத் தெளிவாக எழுதி வைத்ததற்குக் கிடைத்த மதிப்பெண், படுக்கைப்புண்ணைத் தடுக்காத குறையை ஈடுகட்டிவிடும்படி கணக்கு அமைந்திருந்தது. கடைசியில் 2019இல் அந்த முறையையே கைவிட்டு, ஒற்றை மதிப்பெண் இல்லாத புது முறைக்குப் போனார்கள். அமெரிக்காவில் ஆய்வுக்கான நட்சத்திரம் அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டுப் போடப்படுகிறது: முதல் 10 சதவீதத்துக்கு ஐந்து நட்சத்திரம், கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. மாநிலம் முழுக்கத் தரம் சரிந்தாலும் யாரோ சிலருக்கு ஐந்து கிடைத்தே தீரும். இதை அறியாமல் இரண்டு மாநிலங்களின் நட்சத்திரங்களை ஒப்பிட்டு அம்மாவுக்கு இடம் தேடும் பிள்ளையிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. நட்சத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் தேடுகிறவர்களுக்குக் கழித்துக்கட்ட அது உதவும். தேர்ந்தெடுக்க உதவாது.

தேர்ந்தெடுக்க உதவுவது ஆய்வறிக்கை, அதுவும் அதன் முழு வாசகம். "தொற்றுத் தடுப்பில் குறைபாடு" என்ற தலைப்பிலிருந்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. கையுறை மாற்றாமல் ஒருவருடைய புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார் என்று படித்தால் எல்லாம் தெரிகிறது. அமெரிக்காவில் ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்துப் போடுகிறார்கள்: எவ்வளவு ஆபத்து, எத்தனை பேருக்குப் பரவியிருக்கிறது என்ற இரண்டையும் அந்த ஒரே எழுத்து சொல்லிவிடும். ஜே, கே, எல் என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. எனக்குத் தெரிந்து, ஒரு குடும்பம் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம் இந்த எழுத்து வரிசைதான். உங்கள் அறிக்கைகளிலும் இப்படி ஒன்று இருக்கட்டும். யாருடைய பெயரையும் வெளியிட வேண்டாம், நடந்ததை வெளியிடுங்கள்.

அறிக்கை எழுத முதலில் ஆய்வு நடக்க வேண்டும். ஒன்டாரியோவில் 2019இல் 626 இல்லங்கள். அந்த ஆண்டு விரிவான முழு ஆய்வு நடந்தது ஒன்பதில். புகார் வந்தால் போவோம் என்பதே நடைமுறையாகியிருந்தது. அடுத்த ஆண்டு கொரோனா வந்து, உதவிக்கு ராணுவத்தை அனுப்பிய பிறகு, 2020 மே மாதம் ராணுவத்தினர் எழுதிய அறிக்கையில்தான் கரப்பான்பூச்சிகளும், கெட்டுப்போன உணவும், அழுக்கிலேயே கிடந்த முதியவர்களும் வெளியே தெரிந்தார்கள். புகார் சொல்லத் தெம்பு இருக்கிறவர்கள் அந்தப் படுக்கைகளில் கிடையாது. நினைவு தப்பியவரும் பேச முடியாதவரும் யாரிடம் புகார் கொடுப்பார்கள்? இங்கிலாந்தில் நிலைமை வேறு மாதிரி: மதிப்பீட்டை வாசலில் மாட்டி வைக்க வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் கண்காணிப்பு ஆணையத்தைப் பற்றி 2024இல் நடந்த அரசு மறுஆய்வு, அதன் பொறுப்பில் இருக்கும் மருத்துவ, பராமரிப்பு இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு மதிப்பீடே நடந்ததில்லை என்று கண்டது. பழைய மதிப்பீட்டில் ஆய்வு நடந்த தேதியைப் பெரிதாகப் போடுங்கள். மேலாளர் மாறி, உரிமையாளர் மாறி, பாதி ஊழியர்கள் மாறிய இல்லத்துக்கு நாலு வருடத்துக்கு முந்தைய "நன்று" எதையும் சொல்லாது. இரவிலும் விடுமுறை நாளிலும் சொல்லாமல் போங்கள்.

தீ, மின்தடை, வெள்ளம் போன்றவற்றுக்கான தயார்நிலையைச் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதில் வாதத்துக்கே இடமில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2014 ஜனவரியில் ஒரு முதியோர் இல்லம் இரவில் தீப்பிடித்து 32 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் பழைய பகுதியில், தீப்பிடித்தால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2017இல் புயலுக்குப் பின் ஏசி நின்றுபோன ஓர் இல்லத்தில் வெப்பம் தாங்காமல் 12 பேரின் உயிர் போனது; எதிரிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. ஸ்பிரிங்க்ளர் உண்டா, ஜெனரேட்டர் எதையெல்லாம் இயக்கும், இரவு ஷிப்டில் இருப்பவர்களால் எல்லோரையும் எத்தனை நிமிடத்தில் வெளியேற்ற முடியும், கடைசி ஒத்திகை எப்போது நடந்தது. நான்கு வரி போதும்.

உரிமையாளர் யார் என்பதையும் சேருங்கள். வாசலில் இருக்கும் பெயர் பல நேரங்களில் உரிமையாளரின் பெயர் அல்ல. கட்டடம் ஒரு நிறுவனத்திடம், நிர்வாகம் இன்னொன்றிடம், பணம் மூன்றாவதிடம் போகிறது. ஒரே உரிமையாளரின் மற்ற இல்லங்களில் என்ன நடந்தது என்று தேட ஒரு வழி வேண்டும்.

வெளியில் வராத இன்னொரு தகவல் ஊழியர்களிடம் இருக்கிறது. ஆய்வாளர் வரும் வாரத்தில் மட்டும் கூடுதல் ஆட்கள் வருவது, செய்யாத புரட்டலுக்கு அட்டவணையில் டிக் அடிக்கச் சொல்வது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பெயர் வெளிவராமல் பேச வழி செய்து, பேசியவரை வேலையை விட்டு அனுப்பினால் இல்லத்தின் உரிமத்தில் கை வையுங்கள். என் அப்பாவின் நிலைமையை எனக்கு உண்மையாகச் சொன்னவர்கள் எல்லோரும் குறைந்த சம்பளத்துக்கு அவரைக் குளிப்பாட்டிவிடுகிறவர்கள்தான்.

அங்கே வாழ்கிறவர்களின் வாயிலிருந்து வருவதையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2022 டிசம்பரில் வந்த நட்சத்திர முறையில், மொத்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு இல்லவாசிகளை நேரில் பேட்டி கண்டு கிடைக்கும் பதில்களிலிருந்து வருகிறது. பேட்டி எடுப்பவர் இல்லத்தின் ஆள் அல்ல. அந்த முறையிலும் குறைகள் இருக்கும். ஆனாலும் இந்த ஒரு பகுதியை எல்லா நாடுகளும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இதெல்லாம் எங்கள் கைக்கு எப்போது வந்து சேர வேண்டும் என்பது. டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போதே, காலியிடம் உள்ள பக்கத்து இல்லங்களுக்கான இந்த விவரம் ஒவ்வொன்றும் ஒரே பக்கத்தில் அச்சாகி ஆஸ்பத்திரி மேசையில் கிடைக்க வேண்டும். குடும்பம் பேசும் மொழியில், வயதானவர் தானே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். ஷிப்ட் வாரியாக ஆட்கள், ஓராண்டில் மாறியவர்கள், ஆஸ்பத்திரிப் பதிவோடு ஒப்பிட்ட விழுதல்களும் புண்களும், கடைசி ஆய்வின் தேதியும் அதில் கண்ட மிக மோசமான குறையும் அதன் வாசகமும், உரிமையாளர் பெயர், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். முதல் பிரதியை எப்போது வெளியிடுவீர்கள் என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இல்லத்தில் இருக்கும் ஒரு முதியவரின் மகள்